67 வயதில் பத்து நாள் மௌனம்: விபஸ்ஸனா முகாம் பற்றி ஒரு மதிப்புரை

விபஸ்ஸனா என்னும் பௌத்த மரபுத் தியானத்தை மௌனமாக இருந்து கற்றுக்கொள்ளும் பத்து நாள் முகாமுக்கு அறுபது வயதைக் கடந்தவர்கள் போகலாமா என்று கடந்த சில மாதங்களில் என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே ஓய்வூதியத்தில் காலம் கழிப்பவர்கள். முழங்கால் வலியும், இரத்த அழுத்த மாத்திரையும், பின்னிரவில் கலைந்துவிடும் தூக்கமும் உள்ளவர்கள். அவர்களிடம் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 67. அஞ்சல் துறையின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓசூரில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். சென்ற ஆண்டு அண்டை மாநிலத்தில் உள்ள ஒரு மையத்தில் இந்த முகாமை முழுமையாக முடித்தேன். பாடமும் நேர அட்டவணையும் விதிகளும் எல்லா மையங்களிலும் ஒன்றே என்பதால் மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது என்னும் மையம் பக்கம்.

இந்த முறையை நம் நாட்டில் மீண்டும் பரப்பிய சத்ய நாராயண கோயங்கா 1924-ஆம் ஆண்டு பர்மாவில் மாண்டலே நகரில் பிறந்த இந்திய வணிகர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்குப் பல மருத்துவர்களைப் பார்த்தும் குணம் காணாமல், 1955-இல் இரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் தியானம் கற்கப் போனார். அந்த ஊ பா கின் துறவி அல்லர், குடும்பஸ்தர். சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே தம் அலுவலக ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தவர். வாழ்நாள் முழுவதும் பேரேடுகளோடு இருந்த எனக்கு இந்தச் செய்தி தந்த நெருக்கத்தை மறைக்க விரும்பவில்லை. கோயங்கா 1969-இல் இந்தியாவுக்கு வந்ததே உடல்நலம் குன்றியிருந்த தம் தாயாருக்கு இதைக் கற்பிக்கத்தான். அந்த ஆண்டு மும்பையில் நடந்த முதல் முகாமில் கலந்துகொண்டவர்கள் அவருடைய பெற்றோரையும் சேர்த்துப் பதினான்கு பேர். இந்திய மண்ணில் இது ஒரு முதிய தாயை மனத்தில் வைத்துத்தான் தொடங்கியது என்பதை, வயதானவர்களுக்கு இது ஒத்துவருமா என்று தயங்குகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கோயங்கா 2013-இல் காலமானார். இன்றும் முகாம்களில் அறிவுரைகளும் மாலைச் சொற்பொழிவுகளும் அவருடைய பதிவுக் குரலிலேயே ஒலிக்கின்றன. உடன் இருந்து நடத்துவதற்கு உதவி ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். எனக்குப் பேத்தி நிரப்பிக் கொடுத்தாள். அதில் உடல்நோய், மனநோய், சாப்பிடும் மருந்துகள், முன்பு செய்த தியான முறைகள் என எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சிலர், இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து இங்கே நோயை மறைக்கிறார்கள். அது பெரிய தவறு. நான் மாத்திரைகளின் பெயரையும் அளவையும், வலது முழங்காலில் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னதையும் எழுதினேன். ஒரு வாரத்தில் மையத்திலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்து, படி ஏற முடியுமா, இரவில் எத்தனை முறை எழுந்திருப்பீர்கள், மேல்நாட்டுக் கழிவறை வேண்டுமா, பத்து நாளும் இருக்க வீட்டில் சம்மதமா என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வயதானவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒருவர் கேட்டார் என்பதே எனக்குப் பாதி தைரியத்தைத் தந்தது.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே கைப்பேசி, பணப்பை, புத்தகம், பேனா எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். இரவு எளிய உணவுக்குப் பின் மௌனம் தொடங்குகிறது. பத்தாம் நாள் முற்பகல் வரை சக மாணவர்களிடம் பேச்சு மட்டுமல்ல, சைகையும் கூடாது. தேவையானதை ஆசிரியரிடமோ தொண்டர்களிடமோ மெல்லக் கேட்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தங்குமிடம், உணவுக்கூடம், நடைபாதை எல்லாம் தனித்தனி. இங்கே நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தினமும் கவசம் படித்தும், நாமம் ஜபித்தும், செவ்வாய் வெள்ளி விரதம் இருந்தும் பழகியவர்கள் அந்தப் பத்து நாளும் அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். ஜபமாலையையும் கொடுத்துவிட வேண்டும். யாருடைய நம்பிக்கையையும் அவர்கள் குறை சொல்லவில்லை. ஒரு முறையைக் கலப்பில்லாமல் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் நாற்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் விடுவது எளிதன்று. இரண்டாம் நாள் காலையில் என் உதடு தானாகவே அசைந்துகொண்டிருந்ததை நானே கவனித்தேன்.

காலை 4 மணிக்கு மணி அடிக்கிறார்கள். 4:30 முதல் 6:30 வரை அறையிலோ கூடத்திலோ தியானம். பிறகு காலை உணவு. 8 மணிக்கு எல்லோரும் கூடி ஒரு மணி நேரம், அதைத் தொடர்ந்து 11 மணி வரை. 11 மணிக்கே மதிய உணவு. 12 மணி முதல் ஒரு மணி நேரம் ஓய்வு. ஆசிரியரிடம் ஐயம் கேட்க விரும்புகிறவர்கள் அப்போது கேட்கலாம். மறுபடி 1 முதல் 5 வரை. 5 மணிக்குத் தேநீர். 6 முதல் 7 வரை கூட்டு அமர்வு. 7 முதல் 8:15 வரை சொற்பொழிவு. மீண்டும் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு 9:30-க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம். இளைஞர்களுக்கு 4 மணிக்கு எழுவதுதான் பெரும் சிரமமாக இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு எழுவது ஒரு பொருட்டே இல்லை, உட்காருவதுதான் சிரமம்.

உட்காருவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் மூன்று நாட்களை நான் வீணடித்தது இதில்தான். கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஏழெட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்கள் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், தரையில் அமர்ந்தால்தான் தியானம் என்ற எண்ணம் எனக்குள் வந்துவிட்டது. மெத்தைத் துண்டு இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் இரவு முழங்கால் வீங்கி, படுக்கையில் புரளும்போதெல்லாம் தூக்கம் கலைந்தது. மூன்றாம் நாள் காலை உணவுக்குப் போகும் வழியில் தொண்டராக இருந்த ஓர் இளம்பெண், என் நடையைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, “அம்மா, உங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு, ஒரு தலையணை வச்சுத் தரட்டுமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அன்று மதியம் ஆசிரியையிடமும் கேட்டேன். அவரும் எழுபதைத் தாண்டியவராகத்தான் இருக்க வேண்டும். முதுகு நேராக இருந்தால் போதும், நாற்காலியில் இருப்பவருக்கும் தரையில் இருப்பவருக்கும் பாடம் ஒன்றுதான் என்று அவர் சொன்னார். என் வயதில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுவே: முதல் நாள் முதல் அமர்விலேயே நாற்காலியில் உட்காருங்கள். பாதம் தரையில் முழுவதும் பதிய வேண்டும். உயரம் குறைந்தவர்கள் காலுக்கு அடியில் மடித்த போர்வை வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்குப் பின்னால் ஒரு சிறு தலையணை இருந்தால் ஒரு மணி நேரம் தாங்கும்.

முதல் மூன்று நாட்களும் நான்காம் நாள் முற்பகலும் ஆனாபானா என்னும் மூச்சுக் கவனிப்பு. மூச்சை இழுக்கவோ அடக்கவோ எண்ணவோ வேண்டியதில்லை. தானாக வந்துபோகும் மூச்சு நாசியின் வாயிலில் படுவதை மட்டும் கவனிக்க வேண்டும். பிராணாயாமத்தில் மூச்சை அடக்கும் பயிற்சி இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் தடுப்பதுண்டு. இதில் அந்தக் கவலை இல்லை. நாள் போகப் போகக் கவனிக்கும் இடத்தைச் சுருக்கி, கடைசியில் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறு இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். அரை நிமிடம்கூட மனம் அங்கே நிற்கவில்லை. 1984-இல் ஒத்துப்போகாமல் விட்டுப்போன ஒரு கணக்கு, சம்பந்தி வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல், அடுப்பை அணைத்தேனா என்ற ஐயம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஆயினும் மூன்றாம் நாள் மாலை, உள்ளே போகும் காற்று சற்றுக் குளிர்ந்தும் வெளியே வரும் காற்று சற்று வெதுவெதுப்பாகவும் மேலுதட்டில் படுவது தெளிவாகத் தெரிந்தது. அறுபத்தேழு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான்காம் நாள் பிற்பகலில் விபஸ்ஸனாவைக் கற்பிக்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கவனத்தை வரிசையாக நகர்த்தி, அந்தந்த இடத்தில் இருக்கும் உணர்ச்சியை, அது சூடோ அரிப்போ துடிப்போ வலியோ எதுவாயினும், விரும்பாமலும் வெறுக்காமலும் பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எதுவும் நிலைத்து நிற்காது என்பதைப் பாலி மொழியில் அனிச்சா என்று ஒவ்வொரு அமர்விலும் நினைவூட்டுகிறார்கள்; நாம் பள்ளியில் படித்த நிலையாமைதான் அது. அதன்பின் ஒவ்வொரு நாளும் மூன்று கூட்டு அமர்வுகளில் ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கையையும் காலையும் அசைக்காமல் இருக்க முயல வேண்டும். முயல வேண்டும் என்பதுதான் சொல். முடியாத வயோதிகர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் 2:30 அமர்வை நான் மறக்க மாட்டேன். நாற்காலியில் இருந்தும் வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. வழக்கமாக இந்த வலி வந்தால் நான் தைலத்தைத் தேடுவேன் அல்லது காலை நீட்டி உதறுவேன். அன்று இரண்டும் செய்வதற்கில்லை. வேறு வழியின்றி அதைப் பார்த்தேன். முதலில் அது ஒரே கட்டியான வலியாக இருந்தது. சிறிது நேரம் பார்த்ததும் அது ஒன்றல்ல என்று தெரிந்தது. முட்டிச் சில்லின் வெளி ஓரத்தில் ஒரு சூடு. அதற்குக் கீழே நூலைப் பிடித்து இழுப்பதுபோல ஓர் இழுவை. பின்புறம் மடிப்பில் நாடித் துடிப்பைப் போல விட்டு விட்டுக் குத்துகிற ஏதோ ஒன்று. இவற்றுக்கிடையே வலியே இல்லாத சிறு இடங்களும் இருந்தன. தணிக்கையின்போது “இதர செலவுகள்” என்று ஒரே தலைப்பில் ஒரு பெருந்தொகை நின்றால் பயமாக இருக்கும். அதையே வவுச்சர் வவுச்சராகப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய, விளங்கக்கூடிய தொகையாகிவிடும். அன்று என் முழங்காலில் நடந்தது அதுவே. இன்னொன்றும் கண்டேன். “இன்னும் எவ்வளவு நேரம்” என்று மனம் கேட்ட ஒவ்வொரு முறையும் தொடையும் தாடையும் இறுகின, வலி ஏறியது. கேட்காதபோது அது அதே அளவில் நின்றது, சில நேரம் இறங்கியும் போனது. என் முழங்காலுக்கு வயதாகிவிட்டது, அது மாறாது. ஆனால் அந்த வலியின்மேல் நானே ஏற்றிக்கொண்டிருந்த பாரம் எவ்வளவு என்பதை யாரும் சொல்லாமல் நானே பார்த்துவிட்டேன். இந்த முகாம் எனக்குத் தந்ததில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

ஆறாம் நாள் காலையில் அழுகை வந்தது. ஒரு காரணமும் இல்லை. கூடத்துக்கு வெளியே யாரோ செருப்பைத் தேய்த்து நடந்த ஓசை என் கணவர் மருத்துவமனையிலிருந்து திரும்பிய கடைசி வாரங்களில் வீட்டுக்குள் நடந்த ஓசையைப் போல இருந்தது, அவ்வளவுதான். கண்ணை மூடியபடியே அரை மணி நேரம் அழுதிருப்பேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் தோளைத் தொடவில்லை. அந்த நேரத்தில் அது கடுமையாகத் தோன்றியது. பிறகு யோசித்தபோது, கடந்த மூன்று ஆண்டுகளில் என் அழுகையை யாருமே முடிய விட்டதில்லை என்று உணர்ந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள், மகன், மருமகள் எல்லோரும் அன்போடுதான் “அழாதீங்க” என்று பாதியில் நிறுத்தினார்கள். அன்று அது தானாகத் தொடங்கித் தானாக முடிந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு, துக்கம் நிகழ்ந்து சில மாதங்களே ஆனவர்கள் ஆறுதல் தேடி இங்கே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்து நாள் மௌனத்தில் ஆறாத புண் திறந்துகொண்டால் பக்கத்தில் பேச ஆள் இல்லை. மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ மருந்து எடுத்துக்கொள்பவர்கள் தங்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பிக்கக் கூடாது. அமைப்பினரும் விதிமுறையிலேயே கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

உணவு எளிமையானது, நன்றாகவும் இருந்தது. காலையில் இட்லி, உப்புமா, அவல் போன்றவை. மதியம் சோறு, சப்பாத்தி, பருப்பு, இரண்டு காய், மோர். மாலை 5 மணிக்குப் புதிய மாணவர்களுக்குத் தேநீரும் பொரியும் பழமும் உண்டு. ஏற்கெனவே ஒரு முகாமாவது முடித்த பழைய மாணவர்களுக்கு எலுமிச்சை நீர் மட்டும். அதன்பின் மறுநாள் 6:30 வரை எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் இதைப் பற்றி முன்கூட்டியே பேசியாக வேண்டும். என் அறைத்தோழிக்கு வயது 72; இரவில் சர்க்கரை இறங்கிவிடும் உடம்பு. அவர் விண்ணப்பத்திலேயே அதைச் சொல்லியிருந்ததால் ஆசிரியையின் அனுமதியோடு ஒவ்வொரு மாலையும் ஒரு சிறு பாத்திரத்தில் சுண்டலோ சப்பாத்தியோ தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். மாத்திரைகளை நாமே வைத்துக்கொள்ளலாம். என் மாத்திரைகளை மகன் நாள்வாரியாகப் பெட்டியில் அடுக்கித் தந்தது நல்லதாகப் போயிற்று; நாட்காட்டியும் கைப்பேசியும் இல்லாத இடத்தில் இன்று என்ன கிழமை என்பதே மறந்துவிடுகிறது. தியானம் செய்வதால் மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான் தங்கிய அறையின் குளியலறையில் கைப்பிடி இல்லை. தரை வழவழப்பான ஓடு. அதிகாலை நாலரை மணிக்கு அறையிலிருந்து கூடத்துக்குப் போகும் பாதையில் ஓரிடத்தில் இரண்டு படிகள் இருந்தன. அங்கே விளக்கு மங்கல். ஒரு நாள் கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இளைஞர்களுக்கு இவை கண்ணிலேயே படாத குறைகள். எங்கள் வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் தியானம் என்ன, நடமாட்டமே போய்விடும். நான்காம் நாள் சொன்னதும் படியருகே ஒரு விளக்கு வைத்துவிட்டார்கள். குளியலறையில் ரப்பர் விரிப்பும் போட்டார்கள். கேட்டதும் செய்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. கேட்கும் முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டாவது குறை மொழி. கூடத்தில் அறிவுரைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒலித்தன. தமிழ்க்காரர்கள் ஆறு பேருக்கு மாலைச் சொற்பொழிவின் தமிழ் வடிவத்தை ஒரு சிறு அறையில் போட்டுக் காட்டினார்கள். ஒலிபெருக்கி கரகரத்ததால், காது சற்று மந்தமான எனக்கு முதல் இரண்டு நாட்கள் பாதிதான் புரிந்தது. அந்தச் சொற்பொழிவுதான் மறுநாள் உட்காருவதற்குத் தெம்பு தருகிறது. அது விளங்காமல் போனால் வயதானவர்கள் தளர்ந்துவிடுவார்கள். தமிழில் மட்டும் பழகியவர்கள் தமிழ்நாட்டு மையம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே உத்தமம்.

பத்தாம் நாள் முற்பகல் எல்லோருடைய நலனையும் விரும்பும் மைத்ரி தியானத்தைக் கற்பித்ததும் மௌனம் கலைகிறது. ஒன்பது நாள் ஒரே அறையில் படுத்திருந்தும் பெயர் தெரியாமல் இருந்த அந்த 72 வயது அம்மாளோடு அன்றுதான் பேசினேன். இரவில் நான் எழுந்து கழிவறைக்குப் போகும்போது இருட்டில் தடுமாறக் கூடாது என்று தம் செருப்பையும் நீர்க்குடுவையையும் ஒவ்வோர் இரவும் சுவரோரம் ஒதுக்கி வைத்தவர் அவர். அதை நான் கவனித்திருந்தேன். நன்றி சொல்ல ஒன்பது நாள் காத்திருந்தேன்.

கட்டணம் இல்லை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கற்பித்ததற்கும் ஒரு ரூபாயும் கேட்பதில்லை. ஒரு முகாமையாவது முடித்தவர்களிடமிருந்து மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள். சமைப்பவர்களிலும் பரிமாறுபவர்களிலும் பலர் முன்பு முகாமுக்கு வந்து பயனடைந்த தொண்டர்கள். ஓய்வூதியத்தில் இயன்றதைக் கொடுத்துவிட்டு வந்தேன். எவ்வளவு என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதியவர்களைக் குறிவைத்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் வகுப்புகளைப் பார்த்துச் சலித்த எனக்கு இது பெரிய மதிப்பாகப் பட்டது.

இனிப் பலன்கள். முகாம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். காலையில் முழுமையாகவும் மாலையில் பெரும்பாலும் அரை மணி நேரமும் உட்காருகிறேன். என் இரத்த அழுத்தம் சற்றுச் சீராக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார், மாத்திரையைக் குறைக்கவில்லை. நினைவாற்றல் கூடியதாக நான் உணரவில்லை. தூக்கம் நீளவும் இல்லை. இப்போதும் இரண்டரை மணிக்கு விழிப்பு வருகிறது. ஆனால் முன்பெல்லாம் விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்து, இன்றும் தூக்கம் போயிற்றே என்று புழுங்கி, விடியும்போது களைத்துக் கிடப்பேன். தூக்கம் வராத இரவில் படுத்தபடியே உடலின் உணர்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்கிறேன். சில நாள் தூக்கம் திரும்பி வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளிலும் காலையில் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருப்பதில்லை. வீட்டில் பேரன் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தால் நெஞ்சில் ஒரு சூடு கிளம்புவது இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்த மாத்திரத்தில் அது வாய் வரை வராமல் தணிந்துவிடுவதும் உண்டு. மருமகள் இதை என்னிடமே சொன்னாள்.

என் அனுபவம் ஒருத்தியின் அனுபவம்தான். முதியோரை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய இந்த அளவே. 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியும் இந்தக் கவனிப்பு மரபிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். 55 முதல் 85 வயது வரையுள்ள 40 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைக் கற்பித்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கற்றவர்களிடம் தனிமை உணர்வு குறைந்திருந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள, 65 வயதைக் கடந்த 282 பேரை வைத்துச் செய்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், எட்டு வார முடிவில் அன்றாட நடமாட்டம் ஓரளவு கூடியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் நிலைக்கவில்லை. பிரான்சில் 137 முதியோரை வைத்து, பதினெட்டு மாதப் பயிற்சியின் பலனைப் பார்த்த ஆய்வு 2022-இல் வந்தது; மூளையின் குறிப்பிட்ட பகுதிகளின் பருமனிலும் இரத்த ஓட்டத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, ஆனால் கவனத்தையும் உணர்வுகளையும் கையாளும் திறன் கூடியிருந்தது. ஆகவே தியானம் செய்தால் மறதி நோய் வராது, மூளை இளமையாகும், மூட்டு தேயாது என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். தனிமை கொஞ்சம் குறையும், வலியோடு இருக்கும் திறன் கொஞ்சம் கூடும், விடாமல் செய்தால்தான் அதுவும் நிற்கும். என்னைக் கேட்டால் முதுமையில் இந்தக் கொஞ்சம் சிறிய தொகை அன்று.

போக விரும்புகிறவர்கள் ஒரு மாதம் முன்பே வீட்டில் தினமும் இருபது நிமிடம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். இரவு உணவை மெல்ல முன்னுக்குத் தள்ளி ஆறு மணிக்குள் முடித்துப் பாருங்கள். காப்பிக்குப் பழகியவர்கள் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு நாளும் தலைவலியோடு கழியும். கைவிளக்கு, தரையில் வழுக்காத செருப்பு, குளிர்காலமாயின் காதை மூடும் துணி, பத்து நாளுக்கு மேலாக இரண்டு நாள் மாத்திரை ஆகியவற்றை மறக்கக் கூடாது. பார்கின்சன் நோய் முற்றியவர்கள், சமீபத்தில் இதய அறுவை செய்துகொண்டவர்கள், துணையில்லாமல் குளிக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு இந்தப் பத்து நாள் வடிவம் ஒத்துவராது. முகாமுக்கு வராமலேயே எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய சிறு ஆனாபானா பயிற்சியை இந்த அமைப்பினரே இலவசமாகத் தருகிறார்கள். முகாமுக்குப் போக முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடி அதிலிருந்து தொடங்கலாம்.

முகாம் முடித்தவர்களுக்கென்று ஒரு நாள் அமர்வுகளும் உண்டு. அடுத்த மாதம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை பேத்தியை அழைக்காமல் படிவத்தை நானே நிரப்பினேன். உடல்நிலை பற்றிய கட்டத்தில், பின்சுவரோரம் நாற்காலி ஒன்று, கைப்பிடி உள்ள கழிவறை, தமிழ் ஒலிப்பதிவுக்குக் காதில் மாட்டும் கருவி என்று மூன்றையும் முதலிலேயே எழுதிவிட்டேன்.